காக்கைக்குத் தெரியாதது பென்குயினுக்குத் தெரிவது எப்படி?

எதிர்வீட்டுப் பெண் படிவம் 5 படிக்கிறாள். பென்குயின்களைப் பற்றிய காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி என்னைப் பிடித்துக்கொண்டாள். “ஐயா, இலட்சக்கணக்கில் பென்குயின்கள் நிற்கின்றன. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன. கடலிலிருந்து திரும்பும் தாய் தன் குஞ்சை எப்படிக் கண்டுபிடிக்கிறது? முகமா, மணமா, குரலா? ஆள் மாறிப்போனால் என்ன ஆகும்?” என்று கேட்டாள். நின்றவாக்கில் சொல்லி முடிகிற பதில் இல்லை. கொசு வேறு பிடுங்கியது. எழுதித் தருவதாகச் சொல்லி உள்ளே வந்துவிட்டேன். பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வுபெற்று, இப்போது தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறைக் கடற்கரையில் அலைகிறவன் எழுதுவதால் பதில் கொஞ்சம் நீளும்.

ஒரே சொல்லில் வேண்டுமென்றால்: குரல். கூட்டமாகக் குடியிருக்கும் கடற்பறவைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தன் ஆளைப் பிரித்துக் காட்டுவது குரல்தான். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். யாருக்கு, எந்த வயதில், அடையாளம் கண்டே தீரவேண்டிய நெருக்கடி வருகிறது என்று முதலில் கேட்டால், எப்படி என்பது தானாகவே அவிழும்.

அதற்குப் பென்குயின்வரை போக வேண்டாம். நம் வாசல் காக்கையே போதும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்கிறோம். அந்தக் காக்கைதான் குயில் குஞ்சையும் வாய் நிறைய ஊட்டி வளர்க்கிறது. பினாங்கில் விடியற்காலை குயில் கூவாத குடியிருப்பைக் காண்பது அரிது. அந்தக் குயில்களில் பெரும்பாலானவை வீட்டுக் காக்கையின் செலவில் வளர்ந்தவை. காக்கைக்கு மூளை போதாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பறவைகளிலேயே கெட்டிக்காரக் கூட்டம் அது. பிறகு ஏன் ஏமாறுகிறது? மரத்தின் உச்சியில் தான் கட்டிய கூட்டுக்குள் தான் போட்ட முட்டைதான் இருக்கும் என்று நம்புவது, காக்கையைப் பொறுத்தவரை, பெரும்பாலும் சரியான கணக்கு. இடமே அடையாளம். கூட்டை அடையாளம் கண்டால் குஞ்சை அடையாளம் கண்ட மாதிரிதான். குயில் அந்தக் கணக்கில் இருக்கும் ஓட்டையில் பிழைக்கிறது.

இப்போது அந்தக் கூட்டையே எடுத்துவிடுங்கள். மரமும் கிடையாது, கிளையும் கிடையாது. முட்டையைக் காலின் மேல் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். குஞ்சு பொரிந்து சில வாரங்களில் அதுவும் நடந்து போய்க் கூட்டத்தில் கலந்துவிடும். இடம் என்ற அடையாளம் அடியோடு போய்விட்டது. அரசப் பென்குயினின் நிலைமை இதுதான்.

தெற்கு இந்தியப் பெருங்கடலில் குரோசே தீவுகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. பட்டர்வொர்த் படகில் போகும்போது நம் காலடியில் ஓடும் தண்ணீர் போய்ச் சேரும் அதே பெருங்கடல்தான், ஆனால் குளிர்க்காற்று ஓயாத தென்கோடி. அங்கே உள்ள பொசெசியோன் தீவில் பியர் ஜூவந்தான், தியரி ஓபான் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் அவர்களுடைய தோழர்களும் அரசப் பென்குயின்களின் குரலைப் பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். பென்குயின் குரலைப் பற்றி இன்று நாம் உறுதியாகச் சொல்வதில் பெரும்பகுதி அவர்களுடைய உழைப்பு.

அரசப் பென்குயின் ஒரே ஒரு முட்டை இடும். தாயும் தகப்பனும் மாறி மாறி ஏறத்தாழ 54 நாட்கள் அடைகாக்கும். குஞ்சு ஐந்தாறு வாரம் வளர்ந்ததும் பெற்றோர் இருவருமே இரை தேடக் கடலுக்குப் போய்விடுவார்கள். குஞ்சுகள் எல்லாம் பழுப்பு மயிர்ப் போர்வையோடு நெருக்கியடித்து நிற்கும். பாலர் பள்ளி மாதிரி. முதன்முதலில் அவற்றைப் பார்த்த கடலோடிகள் இது வேறோர் இனம் என்றே நினைத்தார்களாம், அந்த அளவுக்குத் தாய்க்கும் பிள்ளைக்கும் சாயல் கிடையாது. குளிர்காலத்தில் பெற்றோர் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வராமல் இருப்பதுண்டு. வந்து சேரும் பெற்றோரிடம் இருப்பதோ வயிற்றில் கொண்டுவந்த ஒரு வேளைச் சாப்பாடு. அதை ஊர்ப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டால் சொந்தப் பிள்ளை பட்டினி.

முகம் ஏன் உதவாது என்பதற்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலில் ஒரு தைப்பூசத்தன்று பார்த்த காட்சியைச் சொல்கிறேன். மொட்டை போடும் இடத்துக்கு வெளியே ஒரு பாட்டி, இரண்டு வயதுப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே போன மகன் தலையும் மீசையும் மழித்து, சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வந்து கையை நீட்டினான். பிள்ளை வீரிட்டுக் கத்தி, பாட்டியின் தோளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. சுற்றிலும் தண்ணீர்ப் பந்தல்களின் ஒலிபெருக்கிகள், உறுமி, “வேல் வேல்” என்ற முழக்கம். அந்த மனிதன் குனிந்து, பிள்ளையின் செல்லப் பெயரைச் சொல்லி ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டான். அழுகை சட்டென்று நின்றது. முகத்தைத் திருப்பி, மொட்டைத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கையை நீட்டியது. அத்தனை இரைச்சலில் அந்த ஒரு குரல் எப்படிக் காதில் ஏறியது என்பதை நினைத்துக்கொண்டே படியேறினேன்.

பென்குயின் குஞ்சும் இதையே செய்கிறது, இன்னும் மோசமான இரைச்சலில். ஓபானும் ஜூவந்தானும் 1998இல் வெளியிட்ட ஆய்வு அளந்து காட்டியது இதைத்தான்: பெற்றோரின் குரல், சுற்றியுள்ள பென்குயின்களின் கூச்சலைவிட 6 டெசிபெல் தாழ்ந்து ஒலித்தாலும் குஞ்சு அதைப் பிரித்தெடுத்துவிடுகிறது. 6 டெசிபெல் குறைவு என்றால் ஆற்றலில் கால் பங்கு. அந்தக் கூச்சலும் ஆலை இரைச்சல் போன்ற வேறு வகை ஓசை இல்லை. அதே இனத்தின் அதே வகைக் கூவல், நூற்றுக்கணக்கான வாய்களிலிருந்து. தைப்பூசக் கூட்டத்தில் ஆயிரம் அப்பாக்களும் ஒரே பெயரைச் சொல்லி ஒரே நேரத்தில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சந்திப்பு நடக்கும் விதம் அழகானது. கடலிலிருந்து ஏறிவரும் பெற்றோர் கூட்டத்துக்குள் கண்டபடி தேடி அலைவதில்லை. கடைசியாக ஊட்டிய இடத்துக்குப் பக்கத்தில் போய், கழுத்தை நீட்டி, அலகை வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கொண்டு கூவும். நெருக்கமாக நிற்கும் உடல்கள் ஒலியைத் தின்றுவிடும் என்பதால் தலைக்கு மேலே அனுப்பும் ஏற்பாடு இது. தூங்கிவழிந்துகொண்டிருக்கும் நூறு குஞ்சுகளில் தொண்ணூற்றொன்பது அசையாது. ஒன்று மட்டும் விலுக்கென்று தலையை நிமிர்த்திப் பதில் குரல் கொடுத்துக்கொண்டே ஓடிவரும். பெற்றோர் அந்தப் பதில் குரலைக் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் வாயைத் திறக்கும். முதலில் பிள்ளை பெற்றோரை அறிகிறது, பிறகு பெற்றோர் பிள்ளையை அறிகிறது. இரட்டைப் பூட்டு.

அந்தக் கூவலில் எந்தப் பகுதி கையெழுத்து? பதிவு செய்த குரலை வெட்டியும் ஒட்டியும் மாற்றியும் குஞ்சுகளுக்குப் போட்டுக் காட்டித்தான் கண்டுபிடித்தார்கள். ஒலியின் ஏற்ற இறக்க அளவை மட்டப்படுத்திவிட்டுப் போட்டார்கள், குஞ்சு ஓடிவந்தது. சுருதி ஏறி இறங்கும் வளைவை அழித்தார்கள். குஞ்சு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆக, அசையின் ஊடே சுருதி எப்படி வளைகிறது என்பதில்தான் பெயர் இருக்கிறது. இன்னொரு வேடிக்கை: முழுக் கூவலும் தேவையில்லை. ஓர் அசையின் முதல் பாதி, அதாவது 0.23 நொடி, குஞ்சுக்குப் போதும். நாம் “அம்மா” என்பதில் “அம்” சொல்லி முடிப்பதற்குள் விஷயம் முடிந்துவிடுகிறது. பிறகு எதற்கு அதே அசையைத் திரும்பத் திரும்பக் கூவ வேண்டும்? காற்றும் கூச்சலும் அடித்துக்கொண்டு போவது போக, ஓர் அரைத் துண்டாவது போய்ச் சேரட்டும் என்பதற்காக. காற்றின் வேகம் நொடிக்கு 8 மீட்டரைத் தாண்டினால் பெற்றோர் கூவும் தடவைகளும் கூடுகின்றன, ஒவ்வொரு கூவலிலும் அசைகளும் கூடுகின்றன என்று 1999இல் இதே குழுவினர் காட்டினார்கள். மழை அடித்துப் பெய்யும்போது தகரக் கூரையின் கீழே நம் வீட்டு அம்மாக்கள் பிள்ளையை ஒருமுறைக்கு மும்முறை கூப்பிடுவதும் இதே கணக்குதான்.

பறவையின் குரல் பிறக்கும் இடம் நம்மைப் போலத் தொண்டையின் மேற்பகுதியில் இல்லை. மூச்சுக்குழாய் இரண்டாகக் கிளைக்கும் அடிப்பகுதியில், மார்புக்குள்ளே இருக்கிறது. கிளைக்கு ஒன்றாக இரண்டு ஒலிமூலங்கள் ஒரே சமயத்தில் ஒலிக்க முடியும். அரசப் பென்குயினும் பேரரசப் பென்குயினும் இரண்டையும் சற்றே வேறுபட்ட சுருதியில் ஒலிக்கின்றன. கோயிலில் இரண்டு நாதஸ்வரங்கள் சேர்ந்து ஒரே சுரத்தில் நிற்கும்போது, ஒன்று மயிரிழை விலகியிருந்தால் காற்றில் ஓர் அதிர்வு ‘வ்வ்வ்’ என்று துடிக்குமே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? இயற்பியலில் அதை விம்மல் என்போம். பென்குயினின் கூவலில் அந்த விம்மல் ஆளுக்கு ஆள் வேறு. 2000ஆம் ஆண்டில், பதிவிலிருந்து இரு குரல்களில் ஒன்றை நீக்கிவிட்டுப் பேரரசப் பென்குயின்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். தெரிந்த குரலாகவே அவை அதை எடுத்துக்கொள்ளவில்லை. நாதஸ்வர வித்வான் விலகலைக் குற்றம் என்பார், பென்குயினுக்கு அந்த விலகல்தான் அடையாள அட்டை.

இதே பென்குயின் குடும்பத்தில் கூழாங்கற்களைக் குவித்துக் கூடு கட்டும் அடேலி, ஜென்டூ போன்றவையும் உண்டு. அவற்றின் குரலிலும் ஆளடையாளம் இருக்கிறது, ஆனால் குறியீடு எளிமையானது. பெரும்பாலும் சுருதியின் உயரமும், ஒரே சுருதியிலும் குரலுக்குக் குரல் மாறும் நாதத்தின் தன்மையும் போதும். இவற்றுக்குத் திரும்பி வந்து நிற்க ஒரு கூடு இருக்கிறது. கதவு எண் தெரிந்தவனுக்குக் கூப்பிடும் குரல் அவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது வடகடலின் கில்லமாட் பறவையின் கதை. பென்குயின் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், ஆனால் பறக்கும். கடலோரச் செங்குத்துப் பாறையின் விளிம்புகளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். கூடு என்று ஒரு துரும்பும் வைக்காது. வெறும் பாறையின் மேல் ஒரே முட்டை. அந்த முட்டைகள் பச்சை, நீலம், வெள்ளை என்று நிறத்திலும், கிறுக்கல் கோடுகளிலும் ஒன்றுக்கொன்று மாறுபடும். தன் முட்டையைப் பறவை அந்தக் கோலத்தை வைத்தே கண்டுகொள்கிறது. குஞ்சு வெளியே வந்துவிட்டால் கோலம் உடைந்துவிடுகிறது. அப்புறம்?

பேயாட் சான்ஸ் என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர் இந்த இடத்தில்தான் கை வைத்தார். 1960களில், அடைகாக்கும் பெட்டியில் இருந்த கில்லமாட் முட்டைகளுக்கு ஒரு குறிப்பிட்ட பறவையின் அழைப்புக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தார். பொரிந்து வந்த குஞ்சுகளுக்கு முன்னால் அந்தக் குரலையும் அறிமுகமில்லாத இன்னொரு குரலையும் ஒலிக்கவிட்டபோது, முட்டைக்குள் கேட்ட குரலை நோக்கி அவை நடந்தன. கருவிலே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் புராணத்தில் மட்டும் இல்லை. பாறை விளிம்பில் நடப்பதும் இதுதான்: முட்டையில் விரிசல் விழத் தொடங்கியதுமே பெற்றோர் குனிந்து கூப்பிடத் தொடங்குகிறார்கள், உள்ளிருந்து குஞ்சு பதில் சொல்கிறது. வெளியே வருவதற்குள் இரு தரப்புக்கும் பேச்சு வழக்கம் ஏற்பட்டுவிடுகிறது. இவ்வளவு அவசரம் ஏன் என்றால், குஞ்சு பிறந்த அன்றே பக்கத்துப் பறவையின் காலுக்கடியில் உருண்டுபோகலாம். இரண்டு அடி தள்ளினால் கடல்.

மூன்று வாரம் ஆனதும் அந்தத் துல்லியம் முழுதும் ஒரே மாலையில் சோதிக்கப்படுகிறது. இறக்கை இன்னும் முற்றாத குஞ்சு அந்தி நேரத்தில் பாறையிலிருந்து குதித்துவிடும். கீழே அலையில் மிதந்துகொண்டு தகப்பன் கூப்பிடும். அலை இரைச்சல், நூற்றுக்கணக்கான தகப்பன்களின் கூப்பாடு, கொத்தித் தூக்கக் காத்திருக்கும் பெரிய கடற்காகங்கள். இதற்கு நடுவே குஞ்சு தன் தகப்பனைப் பிடித்துவிட்டால் பிழைத்தது. இருவரும் கடலில் வாரக்கணக்கில் சேர்ந்து திரிவார்கள். தாய் அந்தப் பயணத்தில் கிடையாது.

கில்லமாட்டின் உறவினரான ரேசர்பில் பறவையிலும் குஞ்சைக் கடலுக்கு அழைத்துப்போவது தகப்பன். அதில் 2003இல் வெளியான ஓர் ஆய்வு, குரலை அறியும் திறன் தகப்பனுக்கும் குஞ்சுக்கும் இடையில் இருபக்கமும் இருப்பதையும், தாய் அந்த அளவுக்குப் பிரித்தறிவதாகக் காட்டிக்கொள்ளாததையும் பதிவு செய்தது. தாய்ப்பாசம்தான் இவ்வளவுக்கும் காரணம் என்று காணொளிகளில் உருகுகிறார்களே, அவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பாசத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் காது கூர்மையாவது யார் தேட வேண்டியிருக்கிறதோ அவருக்குத்தான்.

இதற்கு நேர் எதிரான சான்று கிட்டிவேக் என்ற சிறு கடற்காகம். அதுவும் செங்குத்துப் பாறையில்தான் வாழ்கிறது, ஆனால் சேற்றையும் புல்லையும் சேர்த்துக் கிண்ணம் போல ஒரு கூட்டைப் பாறையில் ஒட்டிவிடுகிறது. அதன் குஞ்சு கூட்டைவிட்டு ஓர் அடி வைக்காது; வைத்தால் சாவு. எஸ்தர் கல்லன் 1957இல் இந்தப் பறவையைப் பற்றி எழுதிய கட்டுரை உயிரியலில் இன்றும் பேசப்படுகிறது. வேறு கூட்டுக் குஞ்சைக் கொண்டுவந்து வைத்தாலும், வயதே பொருந்தாவிட்டாலும், கிட்டிவேக் பெற்றோர் மறுபேச்சில்லாமல் ஊட்டின. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்ரிங் கடற்காகம் தரையில் கூடு கட்டுகிறது. அதன் குஞ்சுகள் சில நாட்களிலேயே புல்லுக்குள் ஓடித் திரியும். நிக்கோ டின்பெர்கன், பின்னாளில் 1973இல் நோபல் பரிசு பெற்றவர், இவற்றை மணல்மேட்டில் உட்கார்ந்து கவனித்தார். பொரிந்த முதல் சில நாட்கள் எந்தக் குஞ்சை மாற்றி வைத்தாலும் பெற்றோர் ஏற்றுக்கொண்டன. ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்குப் பிறகு அந்நியக் குஞ்சைக் கொத்தி விரட்டின. குஞ்சுக்கு எப்போது கால் முளைக்கிறதோ அப்போது பெற்றோருக்குக் காது முளைக்கிறது. காக்கை ஏன் ஏமாறுகிறது என்பதற்கான பதிலும் இங்கேயே இருக்கிறது: அது கிட்டிவேக்கின் கட்சி.

கடலுக்கு வெளியேயும் இதே விதி செல்லுபடியாகிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் வாக்கில் நம் ஊர் மின்கம்பிகளில் வந்து வரிசை கட்டும் தகைவிலான் குருவி, தன் ஊரில் தனித்தனிக் கூடாகவோ சிறு குழுவாகவோ குடியிருப்பது. அமெரிக்காவில் அதன் உறவினரான பாறைத் தகைவிலான் நூற்றுக்கணக்கில் ஒட்டி ஒட்டிக் கூடு கட்டுகிறது. மைக்கேல் பீச்சரும் அவருடைய குழுவினரும் இரண்டின் குஞ்சுகளையும் ஒப்பிட்டபோது, கூட்டமாக வாழும் இனத்தின் குஞ்சுக் குரலில் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகுதியாக இருந்தது. கம்பியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது.

சரி, நம் கடலில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மலாக்கா நீரிணையின் வடவாயிலில், எந்தக் கரையும் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், பூலாவ் பேராக் என்ற மொட்டைப் பாறை ஒன்று நிற்கிறது. பேராக் மாநிலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்கே பழுப்பு பூபிப் பறவைகள் கூடு வைக்கின்றன. போய்வருவது நம்மைப் போன்றவர்களுக்கு ஆகிற காரியம் இல்லை. எளிதில் பார்க்கக் கிடைப்பது ஆலாக்கள். தெலுக் ஆயர் தாவார் முதல் கோலா மூடா வரையுள்ள சேற்றுக் கரையில் நிற்கும் மீன்பிடிக் கம்புகளின்மேல், ஆளுக்கொரு கம்பாகப் பெரிய கொண்டை ஆலாக்கள் உட்கார்ந்திருக்கும். மஞ்சள் அலகு, காற்றில் சிலிர்த்து நிற்கும் கறுப்புக் கொண்டை.

ஒருநாள் காலை, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரம். ஒரு கம்பில் இளம் பறவை ஒன்று தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உடலில் இன்னும் சாம்பல் புள்ளிகள் மறையவில்லை. தலைக்கு மேலே ஆலாக்கள் கத்திக்கொண்டே போயின, அது கண்டுகொள்ளவில்லை. எனக்கு அந்தக் கத்தல்கள் எல்லாம் ஒன்றுதான், ‘கிர்ரிக், கிர்ரிக்’ என்று துருப்பிடித்த கீலை அசைப்பது போல. திடீரென்று இளம் பறவை எழுந்து, கழுத்தை நீட்டி, கீச்சுக் குரலில் கெஞ்சத் தொடங்கியது. எங்கே என்று தேடினேன். நான்கைந்து பறவைகளுக்குப் பின்னால், இன்னும் வெகுதூரத்தில், வாயில் குறுக்காக ஒரு வெள்ளி மீனோடு ஒன்று வந்துகொண்டிருந்தது. மீனைப் பார்த்துவிட்டுத்தான் கெஞ்சியதோ என்று ஐயம் வந்தது. அடுத்த கால் மணி நேரத்தில் மீனோடு இன்னும் இரண்டு ஆலாக்கள் அதே வழியாகப் போயின. இளம் பறவை வாயே திறக்கவில்லை.

ஒரு காலைக் காட்சியை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று மாணவர்களிடம் சொன்னவனே நான்தான். ஆனால் இதை முறையாகச் செய்து பார்த்தவர்கள் உண்டு. இதே கொண்டை ஆலாவின் குஞ்சுகள் ஆஸ்திரேலியத் தீவுகளில் பெருங்கூட்டமாகச் சேர்ந்து ஓடுகின்றன. அந்தக் கூட்டத்திலிருந்து பெற்றோர் தன் குஞ்சைத் தேடி ஊட்டுவதை டேவிஸ், காரிக் இருவரும் 1962இல் எழுதினார்கள். அதன் நெருங்கிய உறவான சாண்ட்விச் ஆலா மீனோடு கூட்டத்தை நெருங்கும்போது எழுப்பும் ‘மீன் குரல்’ பறவைக்குப் பறவை வேறு என்று 1968இல் கேம்பிரிட்ஜின் தார்ப்பும் அவருடைய சகாக்களும் ஒலிவரைபடமாகவே போட்டுக் காட்டினார்கள். நம் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும் கத்தல்கள் காகிதத்தில் விழுந்ததும் கைரேகை மாதிரி பிரிந்து நின்றன.

மணமா என்று கேட்டிருந்தாள். சில பறவைகளுக்கு ஆம். இரவில் மட்டும் கரைக்கு வந்து மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் பெட்ரல் வகைகளுக்கு மூக்கு கூர்மை. அந்தக் குடும்பத்தின் அண்டார்க்டிக் பிரயான் என்னும் சிறு பறவை, தன் இணையின் மணத்தை மற்றொரு பறவையின் மணத்திலிருந்து பிரித்தறிகிறது என்று பொனதோனா, நெவிட் ஆகிய இருவர் 2004இல் காட்டினார்கள். முகமும் முற்றிலும் வீண் இல்லை. ஆப்பிரிக்கப் பென்குயின், சற்று முன் பார்த்த தோழனின் உருவத்தோடு காதில் விழும் குரலைப் பொருத்திப் பார்க்கிறது என்று 2021இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் ஆயிரம் தலைகளுக்கு அப்பால் இருப்பவரைத் தேட மூக்கும் கண்ணும் எட்டாது.

பதிவுக் குரலைப் போட்டுப் பறவையை ஏமாற்றும் சோதனைகளைப் பற்றி இவ்வளவு சொன்னேன். பினாங்குக்காரர்களுக்கு இது புதிதே இல்லை. பறவைக் கூட்டு சூப்புக்காக வாலெட் உழவாரன் வளர்க்கும் கட்டடங்களில், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஒலிபெருக்கி கீச்சிடுவது அதேதான். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் பலவற்றில் முன்பு இது நடந்தது; 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் நகரம் இடம்பெற்ற பிறகு அந்த வட்டாரத்தில் அவற்றை அகற்றச் சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் இன்னும் ஒன்று ஓடுகிறது. அதன் உரிமையாளரிடம் ஒலியைக் குறைக்கச் சொல்லி இரண்டு முறை போய்ப் பேசினேன். “பறவைக்குப் பிடித்திருக்கிறதே” என்றார். ஆத்திரத்தோடு திரும்பினாலும் அவர் சொன்னதில் பிழையில்லை. அந்தக் கீச்சு எந்த ஒரு பறவையின் பெயரையும் சொல்வதில்லை. இங்கே கூட்டம் இருக்கிறது, இடம் பாதுகாப்பானது, வா என்று மட்டும் சொல்கிறது. ஆள் குரல் வேறு, ஊர்க் குரல் வேறு. பறவைக்கு இரண்டும் தெரியும். அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில் ஈஸ்டர்ன் எக் ராக் என்ற தீவில், அற்றுப்போன ஆலாக்களை ஸ்டீபன் கிரெஸ் மரப் பொம்மைகளும் பதிவுக் குரலும் வைத்து 1980 வாக்கில் திரும்ப வரவழைத்தது இந்த ஊர்க் குரலைக் கொண்டுதான். அழிந்தேவிட்டது என்று நினைத்திருந்த சீனக் கொண்டை ஆலாவுக்கும் 2013இல் செஜியாங் கடலோரத் தீவு ஒன்றில் இதே வழி பலித்தது. 

கடைசிக் கேள்வி, ஆள் மாறினால் என்ன ஆகும்? பெரும்பாலும் கொத்து விழும். அந்நியக் குஞ்சு சாப்பாட்டுக்கு ஓடிவந்தால் அரசப் பென்குயின் அலகாலும் இறக்கையாலும் அடித்து விரட்டும். கடற்காகங்களில் அந்தக் கொத்து உயிரையே வாங்கிவிடுவதுண்டு. பேரரசப் பென்குயினில் மட்டும் ஒரு விசித்திரம். குஞ்சைப் பறிகொடுத்த பறவை சில சமயம் அடுத்தவரின் குஞ்சை இழுத்துக்கொண்டு போய்க் காலின் மேல் வைத்துக்கொள்ளும். குரல் தெரியாமல் செய்வதில்லை. அடைகாக்கத் தூண்டும் புரோலாக்டின் என்ற சுரப்பு, குஞ்சு போன பிறகும் உடலில் குறையாமல் நிற்பதுதான் காரணமாக இருக்கலாம் என்று 2006இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தச் சுரப்பை மருந்தால் தணித்தபோது குஞ்சு பறிப்பது குறைந்தது. பறித்த குஞ்சைப் பெரும்பாலும் சில நாட்களுக்குள் கைவிட்டுவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதைப் பள்ளிச் செயல்திட்டமாகச் செய்யலாமா என்று மறுநாள் கேட்டாள். பென்குயின் இல்லாமலே செய்யலாம் என்றேன். அவர்கள் வீட்டு மாமரத்தில் இந்த ஆண்டு காக்கை கூடு கட்டியிருக்கிறது. இரண்டு வாரமாகக் குயில் ஒன்று அந்தப் பக்கமே சுற்றுகிறது. கைப்பேசியில் குஞ்சுகளின் கத்தலைப் பதிவு செய்து, நாளும் நேரமும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நேற்று மாலை வேலிக்கு வந்து, “ஐயா, மூன்றில் ஒன்று மட்டும் வேறு மாதிரி கத்துகிறது. ஆனால் காக்கை அதற்குத்தான் முதலில் ஊட்டுகிறது” என்றாள்.